கடற்கரைக்குப் போவதன் நன்மை தீமைகள்

எங்கள் அலுவலகத்தில் எதையும் நிறுத்துப் பார்க்காமல் செய்வதில்லை. நிறுப்பதுதான் எங்கள் தொழில். கடைக்காரர்களின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்தி, இல்லாவிட்டால் பறிமுதல் செய்து கிடங்கில் போட்டுப் பூட்டும் துறை இது. எனக்கு முத்திரை அறையில் வேலை. என் கணவருக்குச் சோதனைப் பிரிவில். தராசின் முள் மயிரிழை சாய்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவரும் எந்தப் பக்கமும் சாயாத மனிதர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'ரசமட்டம்' என்று பெயர். கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் ஒரு குமிழி நிற்கும் கண்ணாடிக் குழாய், அது.

ஊருக்கெல்லாம் சரியான எடை சொல்கிறவர்கள் தங்கள் சொந்தக் காரியத்தைக் கண்ணளவில் முடித்துக்கொள்ளலாமா என்று முன்பிருந்த தலைவர் ஒருவர் கேட்டாராம். அன்றிலிருந்து கூட்ட அறையில் ஆள் உயரத் தராசு ஒன்று வந்து நின்றுவிட்டது. வலது தட்டு நன்மைக்கு, இடது தட்டு தீமைக்கு. யார் எதைக் கேட்டாலும் சீர்தூக்கு வாரியம் கூடும். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு கல் வைக்கும். முள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே முடிவு. மின்விசிறியை ஜன்னல் ஓரமாக மாற்றலாமா என்பதை அப்படித்தான் தீர்மானித்தார்கள். துப்புரவு செய்யும் அம்மா புதுத் துடைப்பம் கேட்டதற்கு விசாரணை மாலைவரை நடந்தது. பழைய துடைப்பத்துக்கும் ஒரு தரப்பு உண்டு என்று வாரியம் கருதியது.

எங்கள் பையன் இறந்தபோது என் துக்க விடுப்பையும் அங்கேதான் நிறுத்தார்கள். முத்திரை வேலை தேங்கிவிடும் என்று தீமைத் தட்டில் ஒரு கல் வைத்தாயிற்று. நன்மைத் தட்டில் வைக்க ஒன்றும் அகப்படவில்லை. "துக்க விடுப்புல நன்மைன்னு என்னத்தைம்மா சொல்றது?" என்று தலைவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். கடைசியில், விதிக்குப் புறம்பாக, கருணை அடிப்படையில், தன் பேனா மூடியைக் கழற்றி வலது தட்டில் வைத்தார். முள் அசையவில்லை. ஆனாலும் விடுப்புக் கொடுத்தார்கள், சம்பளம் இல்லாமல். அந்தப் பேனா மூடியின் பெருந்தன்மையை அலுவலகம் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தது. என் கணவர் விடுப்பே கேட்கவில்லை. மறுநாளே வேலைக்குப் போய்விட்டார்.

பையனை நாங்கள் வாண்டு என்றுதான் கூப்பிட்டோம். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன் காய்ச்சல் என்று படுத்தான், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் அவரும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டில் பேச்சு இல்லாமல் இல்லை. கேஸ் தீரப் போகிறது, மழை வரும்போலிருக்கிறது, தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்றெல்லாம் பேசினோம். அவன் பெயரை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. கனமான மேசை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு முனையாகப் படியிறங்குகிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு வாயை மூடியிருப்பார்கள் அல்லவா, அப்படி இருந்தோம். அவர் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். முகம்தான் தெரியவில்லை.

"ஒரு தடவை எங்கயாவது போயிட்டு வாங்கடி," என்றாள் அக்கா தொலைபேசியில். "அந்த வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா சுவருதான் பேசும்."

"எங்கக்கா போறது?"

"உங்க ஆபீசுக்குக் கடற்கரையில விடுதி இருக்குல்ல? சும்மாதானே கிடக்குது. போய் அலையைப் பாருங்க. அலைக்கு முன்னால உக்காந்தா ஊமைகூட ரெண்டு வார்த்தை பேசுவான்."

"அவர் பேசுவாரா?"

"அவர் பேசலைன்னா நீ பேசு. நீயும் பேசலைன்னா கடலாவது பேசும். என்ன, மணல்தான் ஒரு தொல்லை. எவ்வளவு உதறினாலும் வீடு வரைக்கும் கூடவே வரும், உன் நாத்தனார் மாதிரி."

அன்று சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

"கடற்கரை விடுதிக்கு எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன்."

"யாருக்கு?"

"நமக்குத்தாங்க."

"ம்," என்றார்.

அந்த 'ம்'மை நான் மனத்துக்குள் வெகுநேரம் நிறுத்துப் பார்த்தேன். வேண்டாம் என்ற கனம் அதில் இல்லை. அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

கடற்கரை விடுதி என்றால் எங்கள் விதிகள் இன்னும் கடுமை. ஒரு காலத்தில் அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு அங்கே போய், வெயிலில் முதுகு உரிந்து திரும்பி வந்து, 'கடற்கரையில் வெயில் அடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை' என்று மேலிடத்துக்குப் புகார் கொடுத்துவிட்டார். அன்றுமுதல், போக விரும்புகிறவர் நன்மைகளை மட்டும் சொல்ல வேண்டும். அவரை நன்கு அறிந்த சக ஊழியர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து தீமைகளைச் சொல்ல வேண்டும். அவருக்குத் 'தீமைத் தரப்பார்' என்று பெயர். விசாரணைக்கு முன்பு வாரியச் செயலாளர் அம்மாவிடம் போய் நன்மைகளைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

"சொல்லுங்க, என்ன நன்மை?" என்றார் செயலாளர் அம்மா.

"நிம்மதி."

"அது வராது."

"ஏம்மா?"

"நிம்மதிக்குப் படிக்கல் எங்க இருக்கு? எதை எதிர்ல வச்சு நிறுக்கிறது? தரப்படுத்தாத சரக்கை நாமே தட்டுல வச்சா கடைக்காரன் சிரிக்க மாட்டானா?"

"கடல் காத்து?"

"அது வரும். காத்துக்கு எடை உண்டு, அறிவியல்லயே இருக்கு. அப்புறம்?"

"நானும் அவரும் ஒரே இடத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்கார்றது இங்கயும் உக்காரலாமேம்மா. கடலைப் பார்த்து பெஞ்சு போட்டிருக்காங்களான்னு கேட்டுச் சொல்றேன். இருந்தா 'இருக்கை வசதி'ன்னு ஒரு கல் வாங்கிடலாம்."

நான் அவ்வளவு தூரம் தயங்கிச் சொன்னது இருக்கை வசதி ஆயிற்று. எனக்கு அழுகை வரவில்லை. ஒருவேளை அது இருக்கை வசதியேதானோ என்றுகூடத் தோன்றிவிட்டது. அந்த அறையில் சற்று நேரம் இருந்தால் அப்படி ஆகிவிடும்.

"தீமைத் தரப்புக்கு உங்களை நல்லா தெரிஞ்சவரைப் போட்டிருக்கோம்," என்றார். "சோதனைப் பிரிவு ரசமட்டம்."

"அம்மா, அவர் என் வீட்டுக்காரர்!"

"அதனாலதானே நல்லா தெரிஞ்சவர்ங்கிறேன்."

"அவரும்தானே கூட வர்றார்? வர்றவரே போகக் கூடாதுன்னு எப்படிம்மா சொல்வார்?"

"எங்க வீட்டுக்காரரைக் கேட்டா எந்த ஊருக்கும் தீமை சொல்வார், முதல்ல எங்க அம்மா ஊருக்கு. ஆம்பளைங்களுக்கு அது கைவந்த கலை, கவலைப்படாதீங்க. தலைவருக்கு இதுல ரொம்ப சந்தோஷம். தான் போற ஊரைத் தானே குறை சொல்றவன்தான் அப்பழுக்கில்லாத நடுநிலைன்னு சொன்னார்."

ரசமட்டம் எதையும் அரைகுறையாகச் செய்ததில்லை. அன்று மாலையே ஆரம்பித்துவிட்டார்.

"உப்புக்காத்துல கைக்கடிகாரம் துருப்பிடிக்குமா?" என்று கேட்டார்.

"பிடிக்கும்னுதான் சொல்றாங்க."

"எவ்வளவு காலத்துல?"

"நாம என்ன அங்க குடியேறவா போறோம்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்பதுபோல, வாண்டு போனதிலிருந்து சாத்தியிருந்த அவனுடைய சின்ன அறையின் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆனாலும் மறுநாள் மறுபடி வந்தார்.

"நண்டு கடிக்குமா?"

"கடிக்காது. கவ்வும்."

"கவ்வினா அது தீமைதானே?"

"நமக்குத் தீமை. நண்டுக்கு நன்மை."

"நண்டு விண்ணப்பம் போடலையே," என்றார்.

எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தச் சமையலறையில் இரண்டு பேர் ஒருவர் பேச்சை ஒருவர் பிடித்துக்கொண்டு பேசினோம். கடற்கரையைப் பற்றிக் குறை சொல்லிச் சொல்லியே அதன் பாதித் தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்தேன். மிச்சப் பாதிக்கு வாரியம் மனது வைத்தால் போதும். அங்கே, அலையைப் பார்த்தபடி, முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமல், வாண்டு என்ற சொல்லை யாராவது ஒருவர் முதலில் சொல்லிவிடுவோம். அதற்காகத்தான் எனக்குக் கடல் வேண்டியிருந்தது. குளிக்கவோ, காற்று வாங்கவோ இல்லை.

விசாரணை நாளில் தலைவர் தராசை வணங்கிவிட்டு உட்கார்ந்தார். வெள்ளைக் கையுறை போட்ட கல்லு அண்ணன் இடுக்கியோடு நின்றார். கற்களை எடுத்து வைப்பது மட்டும் அவர் வேலை. பேசினால் மூச்சுக்காற்று தட்டில் படும் என்பதால் அவர் பேசுவதில்லை.

"கடல் பெரிசு," என்று தலைவர் தொடங்கினார். "அதை இந்த வாரியம் மறுக்கலை. ஆனா பெரிசுங்கிறதுக்காக நாம யாருக்கும் சலுகை காட்டினதில்லை. அமைச்சருக்கு மட்டும்தான் காட்டியிருக்கோம். கடல் அமைச்சர் இல்லை. நன்மைத் தரப்பு ஆரம்பிக்கலாம்."

நான் கடல் காற்றைச் சொன்னேன். கல் வைத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்றேன். சிறிய கல் ஒன்று வைத்தார்கள். கிளிஞ்சல் பொறுக்கலாம் என்றேன்.

"பொறுக்கி என்ன செய்வீங்க?"

"வச்சிருப்பேன் சார்."

"சேமிப்புப் பழக்கம்," என்று செயலாளர் அம்மாவிடம் சொன்னார் தலைவர். "நல்ல கல்லா வைங்க."

இருக்கை வசதிக்கும் ஒரு கல் விழுந்தது. வலது தட்டு நன்றாகத் தாழ்ந்துவிட்டது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாதாரணக் குடையை மணல்ல நட்டு வச்சுட்டு நிழலுக்கு வாடகை கேக்கிறாங்க, சார். நிழல் நகர்ந்து போனா நாம நகரணும், குடையை நகர்த்த மாட்டாங்க. தொப்பி விக்கிறவங்க வேண்டாம்னாலும் தலையில வச்சுட்டு அழகா இருக்குன்னு சொல்றாங்க."

"உங்க தலைக்கு அழகா இருந்தா அது நன்மையாச்சே?"

"எனக்கு அழகா இருக்காது, சார்."

தலைவர் அவரைச் சற்று நேரம் பார்த்தார். "தீமை உறுதி. வைங்க."

"வேர்வை நிக்காது. குளிச்சாலும் பிசுபிசுன்னு இருக்கும். நாம ரெண்டு பேர் அமைதி தேடிப் போனா, அமைதி தேடி ஆயிரம் பேர் முன்னாலயே வந்திருப்பாங்க. அலை ஓயறதே இல்லை, எந்நேரமும் சத்தம்."

சத்தத்துக்கு ஒரு கல். அதோடு அவர் நிறுத்திக்கொண்டார். முள் இன்னும் கொஞ்சம், சிறிதளவுதான், என் பக்கம் சாய்ந்திருந்தது. அவர் கணக்காகத்தான் நிறுத்தியிருக்கிறார் என்று தெரிந்தது. கண்ணாலேயே எடை போடக்கூடியவர். நாங்கள் போகப்போகிறோம். எனக்கு மூச்சு வந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் தலைவர். "வேற தீமை தெரிஞ்சிருந்தா சொல்லிடணும். தெரிஞ்ச தீமையைச் சொல்லாம விடறது தட்டுக்கு அடியில விரலை வைக்கிற மாதிரி."

தட்டுக்கு அடியில் விரலை வைத்தவர்களைப் பிடிப்பதற்கென்றே இத்தனை வருடம் தெருத்தெருவாக நடந்தவர் என் கணவர். அவர் முகம் மாறியது. வேண்டாம் என்று நான் தலையசைத்திருக்க வேண்டும். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"குழந்தைங்க இருப்பாங்க," என்றார்.

செயலாளர் அம்மா தலையைத் தூக்கவில்லை. "சத்தம்னு ஏற்கனவே ஒரு கல் வச்சாச்சே. அலை, குழந்தை எல்லாம் அதுலயே அடங்கிடும்."

"சத்தம் இல்லைம்மா." அவர் தலைவரைப் பார்த்துப் பேசினார். "கடற்கரையில எல்லா வயசுப் பசங்களும் இருப்பாங்க, சார். அந்த வயசுப் பசங்களும் இருப்பாங்க. வாளியை வச்சுக்கிட்டு மணலைத் தோண்டிக்கிட்டு. இவ பார்ப்பா. பார்க்காத மாதிரி பார்ப்பா. வாசல்ல பள்ளிக்கூட வேன் போகும்போது அப்படித்தான் பார்க்கிறா. நான் இவளைப் பார்க்கணும். பார்த்தா ஏதாவது சொல்லணும். என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை சார். இங்கன்னா வேலை இருக்குன்னு கிளம்பிடறேன். அங்க எழுந்து எங்க போறது? முன்னால கடல்."

பள்ளிக்கூட வேன் போகும்போது அவர் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்திருக்கிறார். இது தெரிந்த சந்தோஷம் வருவதற்குள் வேறொன்று வந்துவிட்டது. இத்தனை நாள் நான் காத்திருந்த பேச்சை அவர் பேசிவிட்டார். என்னிடம் இல்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் 'சார்' போட்டு, பேனா மூடி வைத்த மனிதரிடம். கட்டிய கணவன் வேறொருத்தியோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்த பெண்ணின் கோபம் என்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

தலைவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "வாரியத்துக்கு மனசு இல்லைன்னு யாரும் நினைக்கக் கூடாது. இருக்கு. செருப்பு மாதிரி அதை வெளியில கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள வர்றோம். போகும்போது அவங்கவங்க மனசை அவங்கவங்க எடுத்துக்கலாம். இப்போ, இது ஒரு தீமையா, ரெண்டா?"

"ரெண்டு," என்றார் செயலாளர் அம்மா. "எழுந்து போக வழியில்லைங்கிறது இடவசதிக் குறைவு. அதைத் தனியா இன்னொரு கூட்டத்துல எடுத்துக்கலாம். முன்னறிவிப்பு இல்லை."

"சரி. குழந்தைங்க விஷயம்?"

"அது பருவத்தைப் பொறுத்தது. பள்ளிக்கூடம் நடக்கிற நாள்ல குழந்தைங்க குறைவா இருப்பாங்க. முழுக் கல் வைக்கிறது நியாயமில்லை."

"பாதிக் கல் வைங்க," என்றார் தலைவர்.

கல்லு அண்ணன் பெட்டியில் தேடி, பாதிக் கல்லை இடுக்கியால் எடுத்து, இடது தட்டில் வைத்தார். முள் நடுங்கியது. அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது, பிறகு நட்ட நடுவில் நின்றுவிட்டது.

இதுவரை அப்படி நின்றதே இல்லையாம். தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதுக்காகத்தான்யா இந்தத் துறையே இருக்கு! நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. போகவும் வேண்டாம், போகாம இருக்கவும் வேண்டாம். யாரும் மூச்சு விடாதீங்க, போட்டோகிராபரைக் கூப்பிடுங்க!"

அந்தத் தராசைக் கற்களோடு அப்படியே கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து வரவேற்பறையில் நிறுத்திவிட்டார்கள். என் விண்ணப்பம் ஏற்கப்படவும் இல்லை, நிராகரிக்கப்படவும் இல்லை. 'சமநிலையில் உள்ளது' என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். மற்ற விசாரணைகளுக்குக் கிடங்கிலிருந்து பறிமுதல் தராசு ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்தார்கள். அதன் ஒரு தட்டு சற்றுக் கனம். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அன்று பேருந்து நிறுத்தத்தில் அவர் கேட்டார்: "நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

"சரியான எடைதான்," என்றேன்.

வீட்டில் நண்டும் கடிகாரமும் போய், மறுபடி கேஸும் தாழ்ப்பாளும் வந்தன.

வாரியம் அவரை விடவில்லை. இப்படியொரு தீமைத் தரப்பார் இனி கிடைக்கமாட்டார் என்று சொல்லி நிரந்தரமாகவே நியமித்துவிட்டார்கள். யார் கடற்கரைக்குப் போக விரும்பினாலும் எதிரில் அவர்தான். குடை, தொப்பி, வேர்வை என்று தொடங்குவார். கடைசியில் குழந்தைகளுக்கு வருவார். பாதிக் கல் ஒன்று விழும், பறிமுதல் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், விண்ணப்பித்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

"உங்க வீட்டுக்காரரால யாரும் கடலையே பார்க்க முடியலை," என்று தேநீர் நேரத்தில் சக ஊழியர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். "அப்படி என்னதான் பசங்க மேல அவருக்குக் கோபம்? ஒவ்வொரு தடவையும் ஒரு பையனைப் பத்திச் சொல்றார். ஒரு நாள் நண்டுக்கிட்ட விரலை நீட்டுற பையனாம். போன வாரம், அலை அடிச்சிட்டுப் போன செருப்புக்கு டாட்டா காட்டுற பையனாம். அவனைப் பத்தி நாங்க எதுக்குக் கேக்கணும்?"

என் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது. செருப்புத் தொலைந்தால் டாட்டா காட்டுகிறவனை எனக்குத் தெரியும். பேருந்திலிருந்து ஒற்றைச் செருப்பு விழுந்தபோது காட்டினான். ஆனால் அவன் கடலைப் பார்த்ததே இல்லை. என் கணவர் அவனைக் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு விசாரணையிலும், யார் யாருடைய விடுமுறைக்குள்ளோ புகுந்து. என்னைக் கூப்பிடாமல்.

அதன் பிறகு விசாரணை இருக்கும் நாட்களில் உணவு இடைவேளையை விட்டுவிட்டுக் கூட்ட அறையின் பின்பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றார் செயலாளர் அம்மா.

"சும்மா கேக்க வந்தேன்."

"நடைமுறையைக் கத்துக்கிறது நல்லதுதான்," என்று விட்டுவிட்டார்.

என் கணவர் என் பக்கம் திரும்புவதில்லை. நான் இருப்பது தெரியுமோ என்னவோ. வாளி நிறையத் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றி ஊற்றிப் பள்ளத்தை நிரப்பப் பார்க்கும் பையனைப் பற்றி ஒரு நாள் சொன்னார். பட்டம் விற்பவரிடம் போய் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பி வந்து, அப்பாவிடம் விலையை மட்டும் சொல்லும் பையனைப் பற்றி ஒரு நாள். பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு நான் பார்வையாளர் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் தலைவர் அதே குரலில் "பாதிக் கல்" என்றார். ஒவ்வொரு முறையும் எனக்கு அது போதவில்லை.

கடைசியாக நான் போன விசாரணை, புதிதாகக் கல்யாணமான ஒரு கிடங்கு ஊழியருடையது. மாப்பிள்ளைக் களை இன்னும் முகத்தில் இருந்தது. நன்மை என்ன என்று கேட்டபோது வெட்கப்பட்டு, இருக்கை வசதி என்றார். என் கணவர் குடையையும் தொப்பியையும் முடித்துவிட்டுக் குழந்தைகளுக்கு வந்தார்.

"ஈர மணல்ல உக்காந்துக்கிட்டு, எழுந்து வான்னா வர மாட்டேன்னு அடம் பிடிக்கிற பையன் ஒருத்தன் இருப்பான், சார்."

"இருக்க மாட்டான்," என்றேன்.

எழுந்து நின்றிருக்கிறேன் என்பது எல்லோரும் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"யாரும்மா அது?" என்றார் தலைவர். "பார்வையாளர் பேசக் கூடாது."

"அவனுக்கு ஈர மணல் பிடிக்காது. கால்ல ஒட்டினா அழுவான். தூக்கிக்கணும்." நான் தலைவரைப் பார்க்கவில்லை. "உங்களுக்குத் தெரியாதாங்க?"

"இது எந்தத் தட்டு?" என்றார் செயலாளர் அம்மா. "நன்மையா, தீமையா? சொல்லிட்டுப் பேசுங்க."

என் கணவர் திரும்பினார். எத்தனையோ விசாரணைகளில் நான் பார்த்தது அவர் பிடரியைத்தான். இப்போது முகத்தைப் பார்த்தேன். வீட்டில் தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற முகம்தான். இவ்வளவு களைத்திருக்கிறது என்று ஏன் எனக்குத் தெரியாமல் போனது?

"அது சின்னதுல," என்றார். "அப்புறம் மாறிட்டான்."

"எப்ப?"

"அடுத்த தெருவுல வீடு கட்ட மணல் கொட்டியிருந்தாங்கல்ல. சாயங்காலம் கூட்டிட்டுப் போவேன். பைப்பைத் திறந்து நனைச்சுக் கொடுத்தாத்தான் விளையாடுவான். நீ திட்டுவேன்னு, அங்கயே கால் கழுவித் துடைச்சுத்தான் கூட்டிட்டு வருவேன்."

"கடைக்குப் போறோம்னுதானே சொல்லிட்டுப் போவீங்க?"

"அம்மாகிட்ட சொல்லாதப்பான்னு சொன்னான்."

தலைவர் மேசையைத் தட்டினார். "பேச்சு வாரியத்தை நோக்கி இருக்கணும்! ரசமட்டம், நீங்க தீமைத் தரப்பு. இந்தப் பக்கம் பாருங்க!" கல்லு அண்ணன் பாதிக் கல்லை இடுக்கியில் பிடித்தபடி எந்தத் தட்டு என்று தெரியாமல் நின்றார். புது மாப்பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுந்து தன் நாற்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

"வேற என்னெல்லாம் சொல்லக் கூடாதுன்னு சொன்னான்?" என்று கேட்டேன்.

என் கணவர் தன் நாற்காலியைத் தூக்கி எனக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.